பொறி

துவாஸ் என்ற பெயர் ‘மெனுவாஸ்’ என்கிற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். தென்னை ஓலைகளையும் தழைக் கிளைகளையும் கடலில் பரப்பி, அந்த நிழலில் ஒதுங்கும் மீன்களைப் பிடிக்கும் பழைய முறை அது. தமிழில் இதைப் பொறி வைப்பது என்று சொல்லிவிடலாம். அதே ‘பொறி’தான் நமக்கு இயந்திரமும். நெருப்புத் துளியும் அதுதான், கண் காது மூக்கும் அதுதான். பழைய படகு எஞ்சின் ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும்போது, இந்த அர்த்தங்களில் மூன்று ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இன்றைய துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளும் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்ட பெரிய துறைமுகமும் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்த எத்தனையோ பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் வரும் பெரிய கப்பல் எஞ்சின்களில் ‘இக்னிஷன் ஒயர்’ என்ற ஒன்றே கிடையாது. டீசல் எஞ்சின் காற்றை அழுத்தியே சூடாக்குகிறது, அந்தச் சூட்டில் எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்கிறது. பொறி வேண்டிக் காத்திருப்பது பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் சின்ன எஞ்சின்தான். படகின் பின்புறம் தொங்கும் அவுட்போர்டு அந்த வகை.

1902இல் ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் காட்லோப் ஹொனோல்டு உயர் அழுத்த மேக்னெட்டோவைச் செய்து காட்டினார். 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூடு அவுட்போர்டு மோட்டாரை விற்கத் தொடங்கினார். முதலில் வந்தவற்றுக்கு பேட்டரி தேவைப்பட்டது. பிறகு மேக்னெட்டோ ஃபிளைவீலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. கயிற்றை இழுத்தால் ஃபிளைவீல் சுற்றும், அதிலுள்ள காந்தம் கம்பிச்சுருளைக் கடக்கும், மின்சாரம் பிறக்கும். சரியான நொடியில் ‘பாயிண்ட்’ விலகியதும் காயில் அதை 10,000 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி பிளக்குக்கு அனுப்பும். வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். மனிதனின் தோள் வலிமை நேராகத் தீயாக மாறுகிறது.

சிக்கல் உப்புத் தண்ணீரில் இருக்கிறது. ஒயரின் ரப்பர் வெடிக்கும். எர்த் இணைப்பில் துரு ஏறும். பாயிண்ட் கருகும். ஆகவே பழைய அவுட்போர்டு இழுத்து இழுத்துப் பார்த்தும் கிளம்பவில்லை என்றால் தேடலுக்கு ஒரு வரிசை உண்டு. சிந்திய எண்ணெயைத் துடைத்து, அதன் ஆவி கலையும்வரை பொறுக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, ஒயரோடு சேர்த்து எஞ்சின் உடம்பில் அழுத்தி, கயிற்றை இழுக்க வேண்டும். நீலமாக, சுருக்கென்று பொறி வந்தால் ஒயரை விட்டுவிட்டு எண்ணெய் வரும் வழியைப் பார்க்கலாம். மஞ்சளாக, சோம்பலாக வந்தால் நல்ல பிளக் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். வரவே இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். அந்த ஒயரின் வேலையே மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பி பொறியை அணைப்பதுதான். அது எங்காவது உரசிக்கொண்டு கிடந்தால் எஞ்சின் ஒருபோதும் உயிர் பெறாது. அதற்குப் பிறகே பாயிண்ட், கண்டன்சர், காயில். அவசரக்காரன் காயிலில் ஆரம்பிப்பான். பழகினவன் ஒரு ரூபாய் செலவில்லாத இடத்தில் ஆரம்பிப்பான்.

மெரினாவில் கட்டியிருக்கும் உல்லாசப் படகுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை எரிச்சல், அவ்வளவுதான். இதே பொறிக்காகத் தமிழர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த ஒரு காலம் உண்டு. அதைப் பார்க்க வங்காள விரிகுடாவைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும்.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. பெட்ரோல் போகாது, பேட்டரி போகாது. ஆனையிறவும் பூநகரியும் இராணுவத்தின் வசம் இருந்ததால் குடாநாட்டைவிட்டு வெளியேற நிலவழி இல்லை. மிஞ்சியது கிளாலி நீரேரி. மாணவர்கள், நோயாளிகள், வெளிநாடு போகக் கொழும்பை அடைய வேண்டியவர்கள் என எல்லோரும் இரவில் அதைக் கடந்தார்கள். பல படகுகளைக் கயிற்றால் பிணைத்து, எஞ்சின் உள்ள ஒரு படகு இழுத்துச் செல்லும். அரசு அந்த நீர்ப்பரப்பைத் தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவித்திருந்தது. 1993 ஜனவரி 2 அன்று கடற்படை தாக்கியதில் பல பத்துப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் சனம் கடந்தது. வேறு வழி இல்லை.

இங்கேதான் 1902இன் கண்டுபிடிப்பு வேறு பொருள் கொள்கிறது. பேட்டரி தடைசெய்யப்பட்ட ஊரில், பேட்டரி கேட்காத எஞ்சின் ஓடும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட அதே யாழ்ப்பாணம்தான். டைனமோவும் மேக்னெட்டோவும் அண்ணன் தம்பிகள், காந்தமும் கம்பிச்சுருளும் இருவருக்கும் பொது. காந்தத்தைத் தடை செய்ய எந்த அரசாலும் முடியவில்லை.

எண்ணெய்தான் பிரச்சினை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் அன்று மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெட்ரோலில் சில துளி கார்புரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள், சூடானதும் மண்ணெண்ணெய் ஏற்றுக்கொள்ளும். மண்ணெண்ணெய் அவுட்போர்டின் முறையும் இதுதான்: பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறுவது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் லேசில் ஆவியாகாது. சரியாக எரியாத மிச்சம் பிளக்கில் கரியாகப் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். எனவே பொறியாகப் பாய வேண்டிய மின்சாரம் கரி வழியே நழுவிப்போகும். பெட்ரோலில் சமாளித்துக்கொண்டு போயிருக்கக்கூடிய அரைகுறை ஒயர், மண்ணெண்ணெயில் காட்டிக்கொடுத்துவிடும். பிளக்கைக் குறை சொல்வதா, ஒயரைக் குறை சொல்வதா என்ற கேள்விக்குப் பதில், இரண்டும் ஒன்றின் பலவீனத்தை மற்றது பெருக்கிக்கொண்டிருந்தன என்பதுதான்.

மெக்கானிக்குகளிடம் ஒரு உத்தி உண்டு. இருட்டில் கயிற்றை இழுத்தால், வெடித்த ஒயரின் கசிவு மெல்லிய நீல ஒளியாகத் தெரியும். பகலில் மணிக்கணக்கில் தேட வேண்டியது இரவில் ஒரு இழுப்பில் கிடைத்துவிடும். ஆனால் கிளாலியின் இருட்டு தேடுவதற்கானதல்ல, மறைவதற்கானது. அங்கே வெளிச்சமும் சத்தமும் ஆபத்து. நீரேரியின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் வெளிச்சமில்லாமல், கை விரல்களால் மட்டுமே அதைப் புரிந்துகொள்ள வேண்டும். பிளக்கின் பிசுபிசுப்பு, ஒயரின் விரிசல், தளர்ந்த எர்த் ஸ்குரூ. பின்னால் கட்டிய படகுகளில் குழந்தைகள் இருக்கும். அப்போது ஐம்பொறிகளில் கண் ஒன்று குறைந்துவிடுகிறது.

கிளாலியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் தேதி இருக்கிறது, தாக்குதல் இருக்கிறது, பயணிகளின் அச்சம் இருக்கிறது. அந்த எஞ்சினை உயிர்ப்பித்த விரல்களைப் பற்றி அதிகம் இல்லை. பழுதுபார்க்கும் அறிவு தமிழில் எப்போதும் வாய்வழியாகவே வந்திருக்கிறது: ‘கரண்ட் வருதா பார்’, ‘பிளக் கருகிட்டுது’, ‘எர்த்தைச் சுரண்டு’. இவற்றை நாம் இலக்கியமாகவும் எண்ணவில்லை, வரலாறாகவும் எண்ணவில்லை. ஆனால் ஒரு சமூகம் எப்படிப் பிழைத்தது என்ற கேள்விக்கு, தலைவர்களின் உரைகளைவிட இந்த மூன்று வாக்கியங்கள் நேரான பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த அறிவுக்கு இப்போது தேவை குறைந்துகொண்டிருக்கிறது. பிந்தைய அவுட்போர்டுகளில் பாயிண்ட் இல்லை. மூடிய மின்னணுப் பெட்டி ஒன்று அதன் வேலையைச் செய்கிறது, கெட்டால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் பேட்டரியில் கன்டெய்னர்களைச் சுமந்து போகின்றன. அவற்றுக்குப் பொறி தேவையில்லை, கயிறு இழுக்கும் தோளும் தேவையில்லை. இது நல்லதுதான், இருட்டில் யாரும் அப்படிக் காத்திருக்கக் கூடாது. ஆனால் அப்படிக் காத்திருந்தவர்களுக்கு இன்று ஐம்பது, அறுபது வயதாகிறது. அவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால், போரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் எஞ்சினைப் பற்றிக் கேளுங்கள். போரைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறவர்கூட, பிளக்கை எப்படித் துடைத்தேன் என்பதைக் கையால் காட்டியே சொல்லிவிடுவார்.