சத்திரசிகிச்சைக்குப் பின் மீண்டும் வளரும் காது நோய்: எம்.ஆர்.ஐ. எதைக் காட்டும்?

காதிலிருந்து துர்நாற்றத்துடன் சீழ் வடிவதும் கேட்கும் திறன் குறைவதும் கொலஸ்டியடோமாவின் அறிகுறிகளாக இருக்கலாம். செவிப்பறைக்குப் பின்னால் தோல் வளர்ந்து, உதிர்ந்த செதில்கள் திரளும் நோய் இது. புற்றுநோயல்ல, ஆனால் சிற்றெலும்புகளை அரிக்கும், முகநரம்பையும் மூளையையும் பாதிக்கலாம்.

தீர்வு சத்திரசிகிச்சைதான். துணுக்கொன்று எஞ்சினாலும் மீண்டும் வளரும். அதனால் பலருக்கு 9 முதல் 18 மாதங்களில் காதை மறுபடி திறந்து பார்ப்பது வழக்கம். சி.டி. ஸ்கேன் எலும்பு அரிப்பைத் தெளிவாகக் காட்டும். நோயையும் தழும்பையும் பெரும்பாலும் பிரித்துக் காட்டாது.

டிஃபியூஷன் எம்.ஆர்.ஐ. நீர் மூலக்கூறுகளின் அசைவைப் பதிவு செய்கிறது. செதில் திரளுக்குள் அசைவு தடைப்படுவதால் படத்தில் அது வெண்மையாகத் தெரியும். அதிலும் 'நொன் ஈ.பி.ஐ.' முறையில் சுமார் 3 மில்லிமீற்றர் அளவுள்ளதையும் காணலாம். கதிர்வீச்சு இல்லை.

அதைவிடச் சிறியது தப்பிவிடலாம். எனவே ஒரு ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் வைத்தியர் சொன்ன தவணைகளைத் தவறவிடக் கூடாது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற கரையோர ஊர்களிலிருந்து ஸ்கேனுக்குப் புறப்படுமுன், எந்த முறை தேவை என்பதைக் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் துண்டில் எழுதி வாங்குங்கள். பழைய சத்திரசிகிச்சைக் குறிப்பும் கையில் இருக்கட்டும். பேஸ்மேக்கர், கொக்லியர் கருவி பொருத்தியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.