ஒரே ஊர், இரண்டு பள்ளிகள்!

"தனி, ஆனால் சமம்!" அமெரிக்க நாட்டிலே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கோலோச்சிய தத்துவம் இது. 1896ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றமே இதற்கு முத்திரையிட்டுத் தந்தது. வெள்ளையருக்கு ஓரிடம், கறுப்பருக்கு வேறிடம்; இரண்டும் சமமாக இருந்தால் நீதி பிழைத்துவிடும் என்றனர். கேட்பதற்கு இனிய பேச்சு! அதன் உள்ளீடு என்ன என்றறிய, நாம் தலைநகருக்குச் செல்ல வேண்டுவதில்லை. வர்ஜீனியா மாநிலத்தில், பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்தில், ஃபார்ம்வில் என்றொரு சிற்றூர் உண்டு. 1951ஆம் ஆண்டில் அங்கிருந்த இரண்டு பொது உயர்நிலைப் பள்ளிகளை அருகருகே நிறுத்திப் பார்ப்போம்.

ஒன்று வெள்ளை மாணவர்க்குரிய ஃபார்ம்வில் உயர்நிலைப் பள்ளி. அங்கே உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. உணவுக் கூடம் இருந்தது. அறிவியல் ஆய்வுக்கூடம் இருந்தது. நோயுற்ற பிள்ளை படுத்து இளைப்பாற அறையும் இருந்தது.

மற்றொன்று கறுப்பின மாணவர்க்கென 1939இல் கட்டப்பட்ட ராபர்ட் மோட்டன் உயர்நிலைப் பள்ளி. மேலே கூறிய நான்கில் ஒன்றேனும் அங்கே இருந்ததா? இல்லை! 180 மாணவர்க்கென எழுப்பிய கட்டடத்தில் 450 பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தனர். இடம் போதவில்லையே என்று பெற்றோர் முறையிட்டனர். வட்டாரக் கல்விக் குழு மரச்சட்டங்களை நட்டு, தார் பூசிய காகிதத்தைப் போர்த்தி, கொட்டகைகள் அமைத்துக் கொடுத்தது. மழை பெய்தால் உள்ளே ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்பருகே அமர்ந்தவன் வெந்தான். அப்பால் அமர்ந்தவன் விறைத்தான். கோழிக்கூண்டோ என வழிப்போக்கர் ஐயுறும் தோற்றம்! ஊர் ஒன்று, வரி வாங்கிய வட்டார ஆட்சி ஒன்று. பள்ளிகள் மட்டும் இரண்டு. 'சமம்' என்ற சொல்லுக்கு அவர்கள் எழுதிய உரை இது!

பெரியவர்கள் மனுக் கொடுத்துக் களைத்த வேளையில், 16 வயது மாணவி ஒருத்தி எழுந்தாள். பார்பரா ஜான்ஸ் அவள் பெயர். 1951 ஏப்ரல் 23ஆம் நாள், தலைமையாசிரியரைத் தொலைபேசிச் செய்தியால் வெளியே அனுப்பிவிட்டு, மாணவரை மன்றத்தில் கூட்டினர் அவளும் தோழரும். திரை விலகிற்று, மேடையில் நின்றவள் பார்பரா! அன்று பள்ளியே வெளிநடப்புச் செய்தது. வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது.

மாணவர் முதலில் கேட்டது என்ன? நல்ல கட்டடம், அவ்வளவே. துணைக்கு வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் அதற்கு இசையவில்லை. பிரிவினையையே எதிர்ப்பதாயின் வழக்காடுவோம் என்றனர். நல்ல கட்டடம் கிடைத்தால் போதாதா, சுவரோடு மல்லுக்கு நிற்பானேன் என்று அன்று எண்ணியோர் பலர். ஆனால் மாணவரும் பெற்றோரும் துணிந்தனர். மே 23இல் 117 மாணவர் பெயரால் வழக்குத் தொடரப்பட்டது.

1952இல் கீழ்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வசதிகளைச் சமமாக்குக, பிரிவினை நிற்கட்டும்! 1953இல் கறுப்பின மாணவர்க்குப் புதிய பள்ளி திறக்கப்பட்டது. கேட்ட கட்டடம் கிடைத்துவிட்டது. சிக்கல் தீர்ந்ததா? 1954 மே 17இல், இந்த வழக்கையும் உள்ளடக்கிய ஐந்து வழக்குகளில், பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்சநீதிமன்றம் அறுதியிட்டுரைத்தது. அப்போதுதான் சமத்துவம் பேசியோரின் உண்மை உருவம் வெளிப்பட்டது.

இணைந்து கற்பிக்க வேண்டிய நாள் நெருங்கியதும், 1959இல் வட்டார ஆட்சி பொதுப் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்தது. எல்லாப் பள்ளிகளும் பூட்டப்பட்டன! வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது. அதில் பயில அரசுப் பணமும் சிலகாலம் பாய்ந்தது. கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேர் தெருவில் நின்றனர். உறவினரைத் தேடி வேற்றூர் சென்றோர் சிலர். மாதாகோயில் நிலவறைகளில் எழுத்துக் கூட்டியோர் சிலர். படிப்பையே துறந்தோர் பலர். வெள்ளையரிலும் ஏழைகள் சிலர் கல்வி இழந்தனர். பகைமை தன் வீட்டுக் கூரையையும் எரிக்கத் தயங்கவில்லை!

1963இல்தான் நன்கொடையால் இலவசப் பள்ளிகள் எழுந்தன. 1964 மே மாதம் உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட்ட பின்னரே பொதுப் பள்ளிகள் திறந்தன. ஐந்து ஆண்டுகள்! ஆறு வயதுப் பிள்ளைக்குப் பதினொன்றாயிற்று. 2003இல் கல்விக் குழு, படிப்பிழந்தோருக்கு மதிப்புறு சான்றிதழ் வழங்கிற்று. தலை நரைத்தபின் கைக்கு வந்த தாள், தவறிப்போன வகுப்பறையைத் திருப்பித் தருமா?

பழைய மோட்டன் பள்ளி இன்று அருங்காட்சியகம். அது நமக்குக் கற்பிப்பது என்ன? பள்ளிகளை ஒப்பிடுவோர் செங்கல்லை எண்ணுகிறார்கள், சன்னலை எண்ணுகிறார்கள். எண்ணட்டும்; அதுவும் தேவைதான். ஆனால் 1953இல் எழுந்த புதிய கட்டடம் 1959இல் பூட்டிக் கிடந்ததை மறவாதிருப்போம். ஒருவன் பிள்ளையும் மற்றவன் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்திருந்தால், ஒருவனுக்கு மட்டும் கதவடைக்க எவராலும் இயலாது. தனியே தரப்பட்ட கட்டடத்தின் திறவுகோல், தந்தவன் கையிலேயே இருக்கும்!