சீதன வீடும் பெண்கள் நலனும்: கல்முனைக் கரை பற்றிய ஒரு நோக்கு

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலாய முஸ்லிம் ஊர்களில் பெண்களின் நலனையும் பாதுகாப்பையும் ஆராயப் புகுவோர் மருத்துவமனையிலிருந்து தொடங்குவதே வழக்கம். வீட்டிலிருந்து தொடங்குவது அதனினும் பொருத்தமுடையது.

இக்கரையில் மணமாகும் மகளுக்கு வீடு சீதனமாக எழுதப்படும். கணவனே மனைவியின் வீட்டிற்குக் குடிபுகுவான். குடி என்னும் மரபுப் பிரிவும் தாய்வழியே செல்வது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான இவ்வழக்கினால் தாயும் பெண்மக்களும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ வாழ்ந்தனர். கருவுற்றவள் தாய்வீடு தேடிச் செல்ல வேண்டியதில்லை. அவள் இருப்பதே தாய்வீடு. மருத்துவிச்சியை அழைப்பதும், பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைப்பதும், மூத்த பிள்ளைகளைப் பார்ப்பதும் அயற்பெண்களின் கூட்டுப் பொறுப்பாயின. கணவன் கைநீட்டினால் தட்டிக்கேட்க வேலிக்கு அப்பால் ஆள் இருந்தது. எனினும் இதனைப் பொற்காலமெனக் கொள்வதற்கில்லை. பெண்மக்கள் பலரைப் பெற்ற ஏழைத் தந்தை வீடு கட்டியே ஓய்ந்தான்.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய பின்னர், மருத்துவமாது வீடுவீடாகச் செல்லும் முறை நாடெங்கும் படிப்படியாகப் பரவிற்று. 1930களில் ஓரிலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மாரை இழந்த இலங்கையில், அவ்வீதம் இந்நூற்றாண்டில் 50க்கும் கீழிறங்கியது. இதற்கு அரச சேவையே காரணமெனல் பாதி உண்மையே. மிஸ்ஸி ஒருத்திக்குச் சொன்ன செய்தி மாலைக்குள் வளவு முழுவதையும் எட்டிவிடும் சூழலும் அச்சேவைக்குத் துணைநின்றது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வளவுகளையே வாரிச் சென்றது. நாட்டிலேயே மிகுந்த உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில் நேர்ந்தது. மாண்டோரில் பெண்களும் சிறுவர்களுமே அதிகம். கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டுதல் தடுக்கப்பட்டபோது, மாற்று வீடுகள் பல 'குடும்பத் தலைவர்' என்ற முறையில் கணவர் பெயரிலேயே பதியப்பட்டன. மனைவி இழந்த சீதன வீட்டிற்கு ஈடு கணவனின் சொத்தாயிற்று. வெறும் எழுதுவினைஞர் வழக்கம் போலத் தோன்றும் இச்செயல், பல தலைமுறையாக வந்த பெண்ணுரிமையை ஒரு படிவத்தில் மாற்றிவிட்டது.

இதனை முதலில் உணர்ந்தோர் பெண்களே. 2005 ஜனவரியிலேயே பெண்கள் அமைப்புகள் கூட்டாக இயங்கத் தொடங்கின. அக்கரைப்பற்றைத் தளமாகக் கொண்ட பாதிக்கப்பட்ட பெண்கள் அரங்கம் போன்றவை தமிழ், முஸ்லிம் பெண்களை ஒருங்கிணைத்தன. முகாம்களில் மறைவான குளிப்பிடமும் வன்முறையிலிருந்து பாதுகாப்பும் கேட்ட அதே குரல்கள் வீட்டுறுதியில் பெண்ணின் பெயரையும் கேட்டன. இவ்விரண்டையும் பிரித்துப் பாராமையே அவர்களின் தெளிவு.

தடை சட்டத்திலும் இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணியின் வாரிசுரிமையில் ஆண்மக்களுக்கே முன்னுரிமை அளித்தது. 2022இல் அது திருத்தப்பட்டது. ஆயினும், கணவர் பெயரில் முன்னரே எழுதப்பட்ட உறுதிகளை அத்திருத்தம் தானாக மனைவியர் பெயருக்கு மாற்றிவிடாது.