நீர் புகாக் கடிகாரம்: ஒரு சொல்லின் வரலாறு

ஒரு காலத்தில் கடிகாரத்தை ஓட்டியதே நீர்தான். தியார்பக்கிரில் அர்துக்கிய மன்னர்களின் அவையில் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206-இல் நிறைவு செய்த நூலில் யானைக் கடிகாரம் உள்ளிட்ட பல நீர்க்கடிகாரங்களை விவரித்துள்ளார். யானையின் வயிற்றுக்குள் துளையிட்ட கிண்ணமொன்று நீரில் மெல்ல அமிழ்வதே அங்குக் கால அளவு. பின்னர் சுருள்வில்லும் பற்சக்கரமும் வந்தன. நிலை தலைகீழாயிற்று. காலத்தைக் காட்டிய நீரே கடிகாரத்தைத் துருப்பிடிக்கச் செய்யும் பகையானது. நாள்தோறும் முழங்கை வரை கழுவி ஒளூச் செய்யும் நமக்கு இந்தப் பகையின் வரலாறு அயலானதன்று.

கடிகாரம் சட்டைப்பையில் இருந்தவரை இடர் குறைவு. அது மணிக்கட்டுக்கு வந்தபோது மழை, வியர்வை, சேறு அனைத்தையும் சந்தித்தது. திருகி மூடும் கூட்டிற்கு பிரான்சுவா போர்ஜெல் 1891-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் சாவி கொடுக்கும் திருகு கூட்டிற்குள் நுழையும் துளையே பலவீனமான இடமாக நீடித்தது. பெரெகோ, பெரே என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர் இருவர் 1925-இல் அத்திருகையும் மறையிட்டு இறுக்கும் முறையைக் கண்டனர். அவ்வுரிமையை வாங்கிய ரோலெக்ஸ் நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1926-இல் ‘ஆய்ஸ்டர்’ கடிகாரத்தை வெளியிட்டார்.

1927 அக்டோபர் 7-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த மெர்சிடிஸ் கிளைட்ஸின் சாதனை ஐயத்திற்குள்ளானது. அதே மாதம் 21-இல் கடுங்குளிரில் மீண்டும் அவர் கடலில் இறங்கியபோது கழுத்தில் ஓர் ஆய்ஸ்டர் தொங்கியது. பத்து மணி நேரத்திற்கு மேல் நீந்தியும் கரை சேர இயலாமல் அவர் படகில் ஏற்றப்பட்டார். கடிகாரமோ பழுதின்றி ஓடியது. நவம்பர் 24-ஆம் நாள் ‘டெய்லி மெயில்’ நாளிதழின் முதற்பக்கம் முழுவதும் அதுவே விளம்பரமாயிற்று.

கூட்டை எவ்வளவு இறுக்கினாலும் உலோகமும் உலோகமும் சேருமிடத்தில் நூலிழை இடைவெளி எஞ்சும். அதை அடைக்கத் தொடக்கத்தில் கார்க்கும் ஈயமும் பயன்பட்டன. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன், 1937-இல் தம் 72-ஆம் வயதில், ரப்பர் வளையத்திற்கு அந்நாட்டுக் காப்புரிமை கோரினார். இன்று கடைக்காரர் ‘வாஷர்’ என்று எடுத்துக் காட்டும் மெல்லிய கறுப்பு வளையம் அவ்வகையைச் சேர்ந்ததே.

கிரோனோகிராஃப் எனப்படும் நிறுத்துக் கடிகாரத்திற்கு இச்சிக்கல் பெரிது. சாதாரணக் கடிகாரத்தின் பக்கவாட்டில் ஒரு துளை. இதிலோ பெரும்பாலும் மூன்று. சாவித்திருகின் இருபுறமும் உள்ள பொத்தான்கள் ஒவ்வோர் அழுத்தத்திலும் உள்ளே சென்று மீள்வதால் வளையம் தேய்கிறது. நீருக்கடியில் அழுத்தினால் நீரையும் உள்ளிழுக்கக்கூடும். அதனாலேயே 1960-களின் நடுவில் பொத்தான்களையும் திருகி மூடும் அமைப்பு வந்தது.

சீக்கோ நிறுவனம் 1969-இல் வெளியிட்ட 6139 வகைக் கிரோனோகிராஃபின் முகப்பில் முதலில் ‘70 மீட்டர் புரூஃப்’ என்றிருந்தது. பின்னர் வந்தவற்றில் ‘புரூஃப்’ நீங்கி ‘ரெசிஸ்ட்’ இடம்பெற்றது. நீர் புகவே புகாது என்ற உறுதி, நீரை எதிர்த்து நிற்கும் என்ற அடக்கமாக மாறியது. இந்த ஒரு சொல் மாற்றத்தில் ஓர் உண்மை அடங்கியுள்ளது: நீர்த்தடுப்பு கடிகாரத்தின் நிலையான குணமன்று; வளையம் மென்மையாக இருக்கும் வரை மட்டுமே நிற்கும் தன்மை. ரப்பர் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து, தட்டையாகி, வெடிக்கிறது. முகப்பில் அச்சிட்ட எண்ணோ மாறுவதில்லை.

எனவே அத்தாவோ வாப்பாவோ வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பழைய கடிகாரத்தை, முகப்பு எண்ணை நம்பி நீரில் நனைத்தல் கூடாது. 30 மீட்டர் என்பது அத்தனை ஆழம் மூழ்கலாம் என்ற அனுமதியன்று. 3 பார் நிலையழுத்தத்தைக் குறிப்பது. அசைவற்ற சோதனைக்கும் குழாய் நீரின் வேகத்திற்கும் வேறுபாடு உண்டு. பின்மூடியைத் திறக்கும்போதெல்லாம் வளையத்தைப் பார்த்து, தேவையெனில் மாற்றி, சிலிக்கான் மசகு தடவி, அழுத்தச் சோதனை செய்யச் சொல்ல வேண்டும். கிரோனோகிராஃபில் பொத்தான் வளையங்களையும் தனியே கேட்டு மாற்றுதல் நலம். வெந்நீர், சோப்பு, அத்தர் ஆகியவை வளையத்திற்கு ஆகா. கடல்நீர் பட்டால், திருகுகள் மூடியிருப்பதை உறுதி செய்து நன்னீரில் அலசுக. கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் மறுநாளுக்குத் தள்ளாமல் பழுது பார்ப்பவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

ஒளூவின்போது கழுவவேண்டிய இடத்தில் நீர் படாத பகுதி விடுபட்டால் ஒளூ நிறைவேறாது என்பதை நாம் அறிவோம். இறுக்கமான கடிகாரப் பட்டை அத்தகைய தடையாகலாம். ஆகவே அதைக் கழற்றி, ஹவுள் திண்டில் மறந்துவிடாமல் பையில் வைத்து, கையைத் துடைத்தபின் அணிவது வணக்கத்திற்கும் பேணுதல், கடிகாரத்திற்கும் காப்பு. தொழுகை நேரத்தை நமக்கு நினைவூட்டிய பொருளைப் பழுதின்றி அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பதும் ஓர் அமானிதமே. அதைப் பேணும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக.