மந்தர ஒலியின் கதை: எம்பெக்கே மண்டபத்திலிருந்து வரவேற்பறை வரை

கொழும்பு - கண்டி வீதியில் பிலிமத்தலாவையில் தெற்கே பிரியும் பாதை, கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே ஆகிய மூன்று பழம்பெரும் தலங்களுக்கு இட்டுச் செல்லும். மூன்றும் 14ஆம் நூற்றாண்டில், கம்பளை இராச்சிய காலத்தில் எழுந்தவை. இவற்றுள் எம்பெக்கே, கதிர்காமக் கடவுளுக்குரிய தேவாலயம். அங்குள்ள மரத்தூண்களின் சிற்ப வேலைப்பாட்டைக் காணவே பலரும் செல்கின்றனர். அத்தூண்கள் தாங்கி நிற்கும் மண்டபம் மேளகாரர்களுக்கு உரியது என்பதைச் சிலரே கவனிக்கின்றனர். தவுல, தம்மெட்டம ஆகிய முழவுகளும் ஹொரணாவ என்னும் குழலும் சேர்ந்த ஹேவிசி மேளம் அத்தேவாலய மரபின் அங்கம்.

அந்த மண்டபத்தின் பக்கங்கள் திறந்தவை. தவுலின் அடர்ந்த ஒலி சுவரில் மோதித் திரும்பாமல் வெளியே பரந்து சென்றுவிடும். நமது தவிலும் நாதஸ்வரமும் கோயில் வீதியில் ஒலிக்கும் முறையும் இதுவே. திறந்த வெளிக்குரிய இந்த மந்தர ஒலியை நான்கு சுவர்களுக்குள் கொண்டுவர மேற்கொண்ட நீண்ட முயற்சியே, இன்று நாம் சப்வூபர் என்று அழைக்கும் பெட்டியின் வரலாறு.

1925ஆம் ஆண்டு இரண்டு வகையில் முக்கியமானது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெலொக் ஆகிய இருவரும், இன்றைய ஒலிபெருக்கிகளின் மூதாதையான இயங்கு சுருள் ஒலிபெருக்கியை உலகுக்கு அறிவித்தனர். அதே ஆண்டு டிசம்பரில் கொழும்பில் வானொலி சேவை முறைப்படி ஆரம்பமானது. 1949இல் அது றேடியோ சிலோன் ஆயிற்று. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. அந்த வானொலியை எங்கள் தலைமுறையினர் பெரும்பாலும் உள்ளங்கை அகல ஒலிபெருக்கி பொருத்திய டிரான்சிஸ்டர் பெட்டிகளில்தான் கேட்டோம். மிருதங்கத்தின் தொப்பி ஒலியை அச்சிறு பெட்டிகளால் முழுமையாக எழுப்ப இயலாது. ஆயினும் நாம் மிருதங்கத்தைக் கேட்டோமே, எப்படி?

விடையின் ஒரு பகுதியைத் தந்தவர் சேர். சி. வி. இராமன். மிருதங்கம், தபேலா ஆகியவற்றின் தோலில் பூசப்படும் கரிய சாந்து, அவற்றின் மேற்சுரங்களை ஒழுங்கான இசை விகிதத்தில் நிறுத்துகிறது என்பதை 1920இலும், விரிவாக 1934இலும் அவர் விளக்கினார். ஒழுங்கான மேற்சுரங்கள் செவியில் விழுந்தால், ஒலிக்காத அடிச்சுரத்தையும் மூளை தானே ஊகித்துக்கொள்ளும். சிறிய வானொலியில் நாம் கேட்டதில் ஒரு பங்கு நமது மூளை வழங்கியது. ஆனால் சுருதியை ஊகிக்க இயலுமே தவிர, நெஞ்சில் படும் அதிர்வை ஊகிக்க இயலாது.

அந்த அதிர்வை வீட்டுக்குக் கொண்டுவருவதில் முதல் தடை பெட்டியின் பருமன். ஆழமான ஒலிக்கு அலுமாரி அளவுப் பெட்டி வேண்டியிருந்தது. 1954இல் எட்கர் வில்ச்சர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்திச் சிறிய பெட்டியில் ஆழ்ந்த ஒலியைப் பெற்றார். துளையிட்ட பெட்டிகளைக் கணக்கிட்டு வடிவமைக்கும் வழியை 1961இல் அவுஸ்திரேலியாவில் நெவில் தீலே வெளியிட்டார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மோல் அதனை விரிவாக்கினார். 1974இல் 'எர்த்குவேக்' திரைப்படம் திரையரங்குகளையே அதிர வைத்தது. 1992இல் டொல்பி டிஜிட்டல் முறை மந்தர ஒலிக்கெனத் தனித்தடத்துடன் திரைக்கு வந்தது. பின்னர் டிவிடி வழியாக அத்தடம் வீடுகளுக்குள் நுழைந்தது.

பெட்டியின் சிக்கல் தீர்ந்தது. அறையின் சிக்கல் எஞ்சியது. 40 ஹேட்ஸ் மீடிறன் (அதிர்வெண்) கொண்ட ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீற்றர். நமது அறைகளோ பன்னிரண்டு அடி. அத்தகைய இரு சுவர்களுக்கிடையே 47 ஹேட்ஸ் அளவில் நின்ற அலை உருவாகும். சுவரோரம் அமர்ந்தவருக்கு அந்த ஒலி வீங்கிக் கேட்கும். நடுவில் அமர்ந்தவருக்கு ஏறக்குறைய மறைந்துவிடும். விலை உயர்ந்த பெட்டியை வாங்கியும் "ஒரே இரைச்சல்" என்று சலிப்போர் பலர். குறை அநேகமாகப் பெட்டியில் அல்ல, அது வைக்கப்பட்ட இடத்திலேயே இருக்கும்.

ஆகவே, வாங்க நினைப்போர் முதலில் அறையை அளக்க வேண்டும். சிறிய அறைக்கு மூடிய பெட்டி பொருத்தம். சுவர்களே ஆழ்ந்த ஒலிக்குச் சற்று வலுவூட்டும். பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹேட்ஸ். எனவே இசை கேட்க மட்டும் வாங்குபவர் 20 ஹேட்ஸ் வரை இறங்கும் பெட்டிக்குப் பணத்தைக் கொட்டத் தேவையில்லை. இடத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. நீங்கள் அமரும் ஆசனத்தின் மீது சப்வூபரை வைத்து இசையை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள். ஒலி எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கேயே பெட்டியை வையுங்கள். பிரதான ஒலிபெருக்கிகளுடன் இணையும் எல்லையை 80 ஹேட்ஸ் அளவில் தொடங்குங்கள். அதற்குக் கீழே ஒலி வரும் திசையைச் செவி எளிதில் உணராது. பின்னர் அவத்தைத் திருகியை மாற்றிப் பாருங்கள். இணைப்பு எல்லையில் ஒலி எந்த நிலையில் நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி. ஒலியளவைக் கடைசியாக, சிறிது சிறிதாகவே உயர்த்துங்கள்.

2000களின் தொடக்கத்தில் ஹார்மன் நிறுவனத்தின் டொட் வெல்ட்டி மேற்கொண்ட ஆய்வு மேலும் ஒரு வழியைக் காட்டிற்று. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே ஒவ்வொன்றாக இரண்டு சப்வூபர்கள் வைத்தால், முன் சொன்ன நின்ற அலையை அவை பெருமளவு அடக்கிவிடும். பெரிய ஒன்றைவிட அளவான இரண்டு மேல்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் அடுக்குமாடிகளில் வாழும் நம்மவர்களுக்கு இன்னுமொரு கடமை உண்டு. தாழ்ந்த ஒலி சுவரை எளிதில் ஊடுருவும். நமக்குக் கோயில் வீதியை நினைவூட்டும் தவிலோசை, மேல்மாடிக்காரருக்கு உறக்கம் கலைக்கும் இடியாகலாம். பாட்டைக் கேட்பவரின் கவனம் தவிலில் நிற்க வேண்டும். மூலையிலுள்ள பெட்டி நினைவுக்கே வரக்கூடாது. அந்த அளவுக்கு மேல் திருகியைத் திருப்பினால் கேட்பது தவில் அல்ல, அறையின் முழக்கமே.