கூடக் கொடுத்த சம்பளத்தைத் திருப்பிக் கேட்டால்?

எங்கள் ஊர் திருவிடந்தை. கல்யாணம் கூடி வரவேண்டும் என்று நித்யகல்யாணப் பெருமாள் கோவிலுக்கு மாலையோடு வந்து போனவர்களுக்கு ஊரைத் தெரிந்திருக்கும். எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். அரசு அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று எட்டு மாதம் கழித்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சம்பள நிர்ணயத்தில் ஒரு இன்கிரிமென்ட் தவறாகச் சேர்ந்துவிட்டதாம். அன்றிலிருந்து கூடுதலாக வாங்கியதை எல்லாம் திருப்பிக் கட்ட வேண்டுமாம். கடிதத்தை என்னிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, "நான் என்ன திருடினேனா தம்பி?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் தேடப் போய் எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

வேலை கொடுத்தவர் பணத்தைத் திருப்பிக் கேட்பது நம் நாட்டில் பழைய கதை. 1859ல் வெள்ளைக்காரர்கள் 13வது சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தார்கள். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வரவில்லை என்றால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். பணத்தைக் கட்டு, இல்லையென்றால் வேலையைச் செய் என்று உத்தரவு வரும். இரண்டும் செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில். முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் அவருக்கு ஜெயில் கிடையாது! 1925ல்தான் இந்தச் சட்டத்தை நீக்க முடிவு செய்தார்கள்.

முன்பணம் வேறு, தவறுதலாகக் கூடக் கொடுத்த சம்பளம் வேறு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். தவறுதலாகக் கொடுத்த பணத்துக்கு 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 72வது பிரிவு இருக்கிறது. தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. ஆனால் இரண்டிலும் ஒரு விஷயம் ஒன்றுதான். கணக்கு எழுதுவது வேலை கொடுப்பவர், பணம் கட்டுவது வேலை செய்தவர்.

1936ல் வந்த ஊதியப் பட்டுவாடாச் சட்டம் கூடுதல் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ள அனுமதித்தது. பின்னால் பொதுவாகப் பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பும் சேர்ந்தது. 2019ம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பாதி வரம்பு உண்டு.

பெரிய மாற்றம் நீதிமன்றத்தில்தான் வந்தது. மத்திய அரசில் வேலை பார்த்த மருந்தாளுநர்கள் சிலருக்கு 1973ல் இருந்து தகுதிக்கு மேற்பட்ட சம்பள விகிதம் கொடுத்துவிட்டு, 1984ல் குறைத்தார்கள். 1994ல் ஷியாம் பாபு வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்பளத்தைக் குறைத்தது சரி, ஆனால் தவறு ஊழியர்களுடையது அல்ல, அதனால் கொடுத்ததைப் பிடுங்கக்கூடாது என்றது.

இதற்கு எதிர்வாதமும் பலமானது. 2012ல் உத்தராகண்ட் ஆசிரியர்களின் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், இது மக்களின் வரிப்பணம், கொடுத்த அதிகாரிக்கும் சொந்தமில்லை, வாங்கியவருக்கும் சொந்தமில்லை, திருப்பித் தாருங்கள் என்றது. யோசித்துப் பார்த்தால் இதையும் தப்பு என்று சொல்ல முடியவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி 2014 டிசம்பர் 18ல் பிறந்தது. பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீஹ் என்பவருக்கும் நடந்த வழக்கு. தீர்ப்பின் தலைப்பிலேயே அவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'வெள்ளையடிப்பவர்' என்று இருக்கிறது. அதில் ஐந்து சூழ்நிலைகளில் வசூல் செய்யக்கூடாது என்று சொன்னார்கள்:

1. சி, டி பிரிவு ஊழியர்களிடம்.
2. ஓய்வு பெற்றவர்களிடம், அல்லது உத்தரவு தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவர்களிடம்.
3. வசூல் உத்தரவுக்கு முன் ஐந்து வருஷத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து வந்திருந்தால்.
4. மேல் பதவி வேலையைத் தவறாக வாங்கிக்கொண்டு, அதற்கான சம்பளம் கொடுத்திருந்தால்.
5. வசூல் செய்வது மிகக் கொடுமை என்று நீதிமன்றம் நினைக்கும் மற்ற இடங்களில்.

அதற்காக எல்லோரும் தப்பித்துவிட முடியாது. பொய் சொல்லி வாங்கிய பணத்துக்கு இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. 2016ல் ஜக்தேவ் சிங் என்ற நீதித்துறை அதிகாரியின் வழக்கில், கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால், தவணையில் வசூலிக்க அனுமதித்தார்கள். எனவே சம்பள நிர்ணயத்தின்போது நீட்டுகிற தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் இந்த ஐந்தையும் அப்படியே நம்பக்கூடாது, இவை அரசு ஊழியர் வழக்குகளில் வந்தவை.

தாத்தாவிடம் திரும்பப் போய், "முதல் மூன்றும் உங்களுக்குப் பொருந்துது தாத்தா. ஆனா நீங்க ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். "எத்தனையோ தாள்ல கையெழுத்து வாங்கினாங்க தம்பி, யாரு படிச்சா?" என்றார்.

தீர்ப்பின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதி, செங்கல்பட்டு போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். அவர் கையெழுத்துப் போட்ட அந்தப் பழைய தாளின் நகலையும் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.