சமூகப் பணியில் ஆராய்வுணர்ச்சி

எளியோரைத் தீங்கினின்று காக்கும் பொறுப்பேற்ற சமூகப் பணியாளர், தம்மிடம் சொல்லப்பட்ட காரணத்தை அப்படியே எழுதிக்கொண்டு கோப்பை மூடிவிடாமல், வேறு விளக்கம் உண்டோ என்று மரியாதை குன்றாமல் மேலும் விசாரித்தறியும் மனப்பான்மை ஆராய்வுணர்ச்சி எனப்படும். இங்கிலாந்தில் இன்று இது அத்தொழிலின் இலக்கணங்களுள் ஒன்றாகப் போதிக்கப்படுகிறது. அந்த நிலையை அது எய்தியது குழந்தைகளின் மரணங்களுக்குப் பின்னரே என்பது நெஞ்சை உறுத்தும் விஷயம்.

ஐவரி கோஸ்டில் பிறந்து, உறவினள் ஒருத்தியின் பொறுப்பில் லண்டனுக்கு வந்த விக்டோரியா கிளிம்பியே என்னும் சிறுமி, 2000 பிப்ரவரியில் எட்டு வயதில் இறந்தபோது அவள் உடலில் 128 காயங்கள் எண்ணப்பட்டன. அதற்கு முன்னர் அவள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட போதே ஒரு மருத்துவருக்குச் சந்தேகம் எழுந்திருந்தது. எனினும் அவள் உடலில் தெரிந்தவை சிரங்கின் தழும்புகளே என்று மேல்நிலை மருத்துவர் அபிப்பிராயம் கூறிவிட்டதும், அந்த ஒரு சொல்லே பின்வந்தோர் பலருடைய வினாக்களையும் அடைத்துவிட்டது. இதனை விசாரித்த லாமிங் பிரபு, 108 சிபாரிசுகள் கொண்ட தம் 2003-ஆம் ஆண்டு அறிக்கையில், பணியாளர் கைக்கொள்ள வேண்டியது மரியாதையோடு கூடிய ஐயம் என்று வரையறுத்தார்.

ஆயினும் 2007-இல், லண்டனில் விக்டோரியா வாழ்ந்த அதே ஹாரிங்கே பகுதியில், பதினேழு மாதக் குழந்தை பீட்டர் மாண்டான். பணியாளர் வீட்டுக்கு வந்த நாளில் அவன் முகத்திலும் கைகளிலும் சாக்லேட் பூசப்பட்டிருந்தது. இனிப்புத் தின்ற குழந்தையின் முகம் என்றே எவருக்கும் தோன்றும், ஆனால் அடியில் இருந்தவை கன்றிய காயங்கள். 2012-இல் கவென்ட்ரி நகரில் இறந்த நான்கு வயது டேனியல் பெல்க்கா, பள்ளிக் குப்பைத் தொட்டியிலிருந்து உணவு பொறுக்கித் தின்றதைக் கண்டவர்கள் இருந்தனர். அது உணவு பற்றிய நோய் என்று தாய் சொன்ன காரணம் நம்பப்பட்டது. அச்சிறுவனிடமே பேசிக் கேட்டறிவதில் பெருங்குறை இருந்ததைப் பின்னர் நடந்த மறுஆய்வு எடுத்துக்காட்டிற்று.

இவற்றையெல்லாம் தனிமனிதரின் அசட்டை என்று மட்டும் ஒதுக்குவது நியாயமாகாது. பெற்றோரைப் பற்றி நல்லதையே நினைக்க விழையும் போக்கை 1983-இலேயே டிங்வால் முதலிய ஆய்வாளர் நன்னம்பிக்கை விதி என்று பெயரிட்டு விளக்கினர்; ஒத்துழைப்பதுபோல் நடித்து அதிகாரியை அப்பால் அனுப்பிவிடும் குடும்பங்களும் உண்டு. இவற்றோடு அளவுக்கு மீறிய வழக்குகளும் சேர்ந்துவிட்டால், வினா எழுப்பும் சக்தியே களைத்துப்போகும். பேராசிரியை ஐலீன் மன்ரோவின் 2011-ஆம் ஆண்டு அறிக்கை, விதிமுறைகளும் படிவங்களும் குழந்தையோடு கழிக்க வேண்டிய பொழுதை விழுங்குவதைக் கண்டித்தது.

ஆகவே பணியாளரைப் பார்த்து ஆர்வமாயிரு என்று ஆக்ஞாபிப்பதால் மட்டும் இவ்வுணர்ச்சி வளராது. மேலாளர் வாரந்தோறும் அவரோடு நிதானமாக அமர்ந்து, அந்த வீட்டில் இரவில் தங்குபவர் யார், குழந்தை உறங்கும் அறையை நேரில் பார்த்தீரா, தனியாக இருந்தபோது அது தன் தாய்மொழியில் என்ன சொன்னது, உம்முடைய முடிவு தவறாக இருக்குமானால் அதை எது காட்டிக்கொடுக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பதும், தெரியவில்லை என்ற விடையைக் குற்றமாகக் கொள்ளாமல் மறுநாளே திரும்பச் சென்று பார்க்க அவகாசம் அளிப்பதுமே அதற்குரிய வழி.